700 பார் ஜாக் டெஸ்ட் பெஞ்ச்: எந்த டியூப், எந்த எஸ்எஸ் ஃபிட்டிங்?

சூரமங்கலம்காரன் | பதிவு 1

வணக்கமுங்க. சேலம் சூரமங்கலத்துல ஹைட்ராலிக் ஜாக், புல்லர் ராம் சர்வீஸ் பட்டறைக்கு ஒரு பிரஷர் டெஸ்ட் பெஞ்ச் போடணும். சங்ககிரி லாரிப் பட்டறைங்க, மேட்டூர் பக்கத்து ஆலைங்கள்ல இருந்து வர்ற ஜாக் எல்லாமே 700 பார் ரகம். ஒன்றரை மடங்கு, அதாவது 1050 பார்ல டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் வேணும்னு சில பேர் கேக்குறாங்க.

இப்போதைக்கு போட்டு வச்சிருக்கற லிஸ்ட்: காத்துல ஓடுற ஆயில் பம்ப், விகிதம் 1:200 (காத்து அழுத்தத்தைப் போல 200 மடங்கு ஆயில் அழுத்தம்). கால் இன்ச் ஓடி (வெளி விட்டம்), 0.065 இன்ச் சுவர் உள்ள 316 சீம்லெஸ் டியூப். டபுள் ஃபெரூல் ஃபிட்டிங் (டியூபைக் கடிச்சுப் பிடிக்கற ரெண்டு வளையம் உள்ளது). கால் இன்ச் என்பிடி (கூம்பு வடிவ பைப் மரை) ஃபீமேல் நீடில் வால்வ், மேலே 6000 பிஎஸ்ஐன்னு அடிச்சிருக்கு. 1600 பார் கேஜ். ஜாக்குக்குப் போக 2 மீட்டர் ஹோஸ், முனையில 3/8 கப்ளர்.

எல்லாமே எஸ்எஸ் 316. "316 போட்டா எதையும் தாங்கும்"ங்கறார் கடைக்காரர். இது போதுமா? எங்க மாத்தணும்?

இடக்கை மரை | பதிவு 2

போதாது. 316 என்பது உலோகத்தின் பெயர். அது அழுத்தத்தின் அளவு ஆகாது. ஒரு லைன் எவ்வளவு தாங்கும் என்பதை அதில் இருக்கும் மிகக் குறைந்த ரேட்டிங் உள்ள உருப்படிதான் தீர்மானிக்கும். உங்கள் லிஸ்டை அப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. அப்படியானால் 1050 பார் என்பது ஏறத்தாழ 15,230 பிஎஸ்ஐ.

டபுள் ஃபெரூல் தயாரிப்பாளர்களின் அட்டவணையில் கால் இன்ச் 316 டியூபுக்கு 0.035 சுவர் என்றால் 5100 பிஎஸ்ஐ, 0.049 என்றால் 7500, 0.065 என்றால் 10,200. நீங்கள் எடுத்திருப்பதுதான் அந்த வரிசையில் உச்சம். அதுவே 703 பார். ஜாக்கின் வேலை அழுத்தத்துக்கே மிச்சம் 3 பார்தான். டெஸ்ட் அழுத்தத்துக்கு அது கணக்கிலேயே வராது.

அடுத்தது என்பிடி மரை. கால் இன்ச்சில் வெளிமரை உள்ள மேல் (male) முனை 8000 பிஎஸ்ஐ, உள்மரை உள்ள ஃபீமேல் முனை 6600. அரை இன்ச் ஃபீமேல் என்றால் 4900-க்கு இறங்கிவிடும். ஃபீமேல் பக்கம் எப்போதும் குறைவாக இருப்பதற்குக் காரணம், மரை வெட்டிய பிறகு வெளிச்சுவர் மெலிந்து போவது. பெரிய சைஸ் போட்டால் பலம் கூடும் என்று நினைப்பவர்கள் இந்த அட்டவணையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வால்வ் 6000 பிஎஸ்ஐ, அதாவது 414 பார். உங்கள் லைனின் உண்மையான ரேட்டிங் இதுதான்: 414 பார். மீதி எதைப் போட்டாலும் இந்த எண் மாறாது. ஹோஸும் கப்ளரும் பற்றி தனியாகப் பேச வேண்டும். அவற்றின் மேல் என்ன அடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

குகை லேத் | பதிவு 3

வால்வ் மாத்தணும், சரி. ஆனா டியூபும் ஃபெரூலும் நாலு மடங்கு பாதுகாப்போடதான் ரேட் பண்ணியிருக்காங்க. 10,200-னு போட்டா 40,000 வரைக்கும் வெடிக்காதுன்னு அர்த்தம். அதுல பாதியைக் கூட நாம தொடலையே. இந்த மாதிரி லைன் 1000 பார்ல நிக்கத்தான் செய்யுது.

மேட்டூர் லேப் | பதிவு 4

நிற்கும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. எதனால் நிற்கிறது, எப்போது விடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தடித்த சுவர் குழாயில் அழுத்தம் அதிகம் படுவது உள்துளையின் விளிம்பில். லாமே சமன்பாட்டின்படி, வெளி விட்டத்தை உள் விட்டத்தால் வகுத்தது கே என்றால், உள்துளையில் வளையத் தகைவு (சுவரைச் சுற்றுவாட்டில் இழுக்கும் தகைவு) = அழுத்தம் × (கே² + 1) ÷ (கே² − 1). உங்கள் டியூபுக்கு உள் விட்டம் 0.120 இன்ச், கே 2.08, பெருக்கும் எண் 1.6. 1050 பார் என்பது 105 மெகாபாஸ்கல். ஆக உள்துளையில் 168 மெகாபாஸ்கல். அனீல் செய்த, அதாவது சூடாக்கி மென்மையாக்கிய, 316-இன் குறைந்தபட்ச யீல்ட், அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு, 205 மெகாபாஸ்கல். வளையத் தகைவு மட்டும் என்றால் அது யீல்டுக்குக் கீழே; ஆரத் திசைத் தகைவையும் சேர்த்தால் உள்துளை விளிம்பு யீல்டைத் தொடலாம், ஆனால் டியூப் கிழியாது. அதனால்தான் "நிக்குது".

ஆனால் பாதுகாப்பு விகிதம் டெஸ்ட் பெஞ்சுக்குச் செலவு செய்ய ஒதுக்கிய பணம் கிடையாது. பம்ப் அடிக்கும் ஒவ்வொரு துடிப்பும், வளைவில் மெலிந்த சுவரும், அதிர்வும், டியூபில் கண்ணுக்குத் தெரியாத கீறலும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை ஏற்றி இறக்கும் பெஞ்சில் இதெல்லாம் சேர்ந்துகொண்டே போகும்.

அதோடு, முதலில் விடப்போவது டியூப் சுவர் அல்ல, மூட்டு. ஃபெரூல் டியூபின் வெளிப்பரப்பில் அடைக்கிறது. எனவே டியூபை வெளியே தள்ளும் விசை முழு வெளி விட்டத்தின் பரப்பில் வேலை செய்யும். கால் இன்ச் டியூபுக்கு அது 31.7 சதுர மில்லிமீட்டர். 105 மெகாபாஸ்கலில் கிட்டத்தட்ட 340 கிலோ. இந்த 340 கிலோவையும் பிடித்து நிறுத்துவது, பின் ஃபெரூல் டியூபின் மேல் கடித்த ஒரு மெல்லிய தடம் மட்டுமே. நட்டை ஒரு கால் சுற்று குறைவாகத் திருகியிருந்தாலோ, டியூப் உள்ளே முட்டாமல் இருந்தாலோ அந்தத் தடம் சரியாக விழுந்திருக்காது. 400 பாரில் அது தெரியவே தெரியாது. 1000-இல் டியூப் வெளியே பாயும்.

இடக்கை மரை | பதிவு 5

இந்த வேலைக்கு உரியது கோன் அண்ட் த்ரெட் வகை. அதில் இரண்டு குடும்பம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மீடியம் பிரஷர் வகை 20,000 பிஎஸ்ஐ, 1379 பார். கால் இன்ச் டியூபின் உள்துளை 0.109 இன்ச், 3/8 டியூபுக்கு 0.203.

ஹை பிரஷர் வகை 60,000 பிஎஸ்ஐ, ஏறத்தாழ 4137 பார். கால் இன்ச்சுக்கு உள்துளை 0.083, 3/8-க்கு 0.125, 9/16-க்கு 0.187. வாட்டர்ஜெட் கட்டிங் மெஷின்களில் இருப்பது இதுதான்.

உங்களுக்கு மீடியம் பிரஷர் கால் இன்ச் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: 0.109 துளை என்றால் சுவர் 0.0705 இன்ச். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் 0.065 சுவர் டியூபுக்கும் இதற்கும் 5.5 தௌ (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) மட்டுமே வித்தியாசம். ஒன்று 10,200, மற்றது 20,000. இந்த இரட்டிப்பு சுவர்க் கனத்தால் வரவில்லை. டியூப் குளிர்நிலையில் இழுத்துக் கடினப்படுத்தப்பட்டது என்பதாலும், மூட்டின் அமைப்பாலும் வருகிறது.

அமைப்பு இப்படி: டியூப் முனையை 59 டிகிரிக்கு, சில தயாரிப்பில் 58-க்கு, கூம்பாகச் சீவுகிறோம். ஃபிட்டிங்கின் உள் இருக்கை 60 டிகிரி. இந்தச் சிறு வித்தியாசத்தால் இரண்டும் முனைக்கு அருகில் ஒரே ஒரு மெல்லிய வட்டக் கோட்டில் மட்டும் தொடும். அடைப்பு அங்கேதான். அடைக்கும் வட்டம் சிறியது என்பதால் டியூபை வெளியே தள்ளும் விசையும் ஃபெரூலில் இருப்பதை விட வெகுவாகக் குறைவு. டியூபைப் பிடித்திருப்பது அதன் மேலேயே வெட்டிய மரையில் ஏறிய காலர். கடித்த தடத்தை நம்ப வேண்டியதில்லை. அந்த மரை இடக்கை மரை. டியூபை ஃபிட்டிங் உடம்போடு இறுக்கும் கிளாண்ட் நட் வலது பக்கம் இறுகும்போது காலர் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அப்படி.

ஃபிட்டிங் உடம்பில் சின்னத் துளை தெரியும், வீப் ஹோல். கூம்பில் கசிந்தால் அழுத்தம் மரைக்குள் தேங்காமல் அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். பெயிண்டோ டேப்போ எம்-சீலோ வைத்து அதை அடைப்பது ஆளைக் கொல்லும் வேலை. பெஞ்சில் அந்தத் துளை ஆள் நிற்கும் பக்கத்தைப் பார்க்காமல் திருப்பி வையுங்கள்.

சிக்கிக்கொள்ளக்கூடிய முக்கியமான ஓர் இடம். மீடியம் பிரஷர் 3/8-இன் கிளாண்ட் மரை 9/16-18 (9/16 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 18 மரை). ஹை பிரஷர் கால் இன்ச்சின் கிளாண்ட் மரையும் அதே 9/16-18. அதனால் ஒன்றின் கிளாண்ட் மற்றதன் உடம்பில் அழகாக ஏறிவிடும். கையில் ஏறியது, இறுகியது, சரி என்று விட்டால் கூம்பு தவறான இருக்கையில் உட்கார்ந்திருக்கும். மீடியம் பிரஷர் கால் இன்ச்சின் கிளாண்ட் 7/16-20, ஆகவே அதில் இந்தக் குழப்பம் வராது. கேஜ்களில் பல 9/16-18 ஹை பிரஷர் வாயோடு வரும். அங்கே 7/16 லைனை இணைக்க அதற்கென்றே உள்ள அடாப்டர் வாங்க வேண்டும்.

சூரமங்கலம்காரன் | பதிவு 6

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஃபெரூல்லயே 15,000 பிஎஸ்ஐ ரகம் இருக்குன்னு கோயம்புத்தூர் டீலர் சொல்றார், அது ஆகுமா? ரெண்டாவது, கோன் சீவுற டூல், இடக்கை மரை வெட்டற லெஃப்ட் டை எல்லாம் விலையைப் பாத்தா தலை சுத்துது. லேத்துல சீவிக்கலாமா?

குகை லேத் | பதிவு 7

டிராயிங் குடுத்தீங்கன்னா லேத்துல 59 டிகிரி சீவறது பெரிய விஷயமில்லை. கிளாண்டும் காலரும் கூட 316 ரவுண்ட் பார்ல கடைஞ்சு தரலாம். ஃபினிஷ் எவ்வளவு வேணும்னு மட்டும் சொல்லுங்க.

மேட்டூர் லேப் | பதிவு 8

முதல் கேள்வி: 15,000 பிஎஸ்ஐ என்பது 1034 பார். உங்கள் 1050-க்கு 16 பார் குறைவு. கழித்தால் விடை கிடைத்துவிடுகிறது.

இரண்டாவதுக்கு வருகிறேன். டியூப் முனையில் கூம்பு சீவுவதை நல்ல லேத்காரர் செய்யலாம். பரப்பில் சுற்றுக் கோடுகள் இருக்கலாம், குறுக்கே ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. கூம்பு துளையோடு ஒரே மையத்தில் இருக்க வேண்டும். ஆனால் கிளாண்ட், காலர், ஃபிட்டிங் உடம்பு இவற்றைக் கடைந்து போடுவதை நான் ஏற்க மாட்டேன். காரணம் லேத்காரரின் கை இல்லை, பார்தான். சந்தையில் கிடைக்கும் 316 ரவுண்ட் பார் பெரும்பாலும் அனீல் செய்தது, யீல்ட் 205 மெகாபாஸ்கல். தயாரிப்பாளர்கள் இதற்கு எடுப்பது குளிர்வேலை செய்து பலம் ஏற்றிய பார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

60,000 வகையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 0.083 துளை டியூபுக்கு கே 3, பெருக்கும் எண் 1.25. 414 மெகாபாஸ்கலில் உள்துளைத் தகைவு சுமார் 517. அனீல் செய்த 316-இல் அது நடக்கவே நடக்காது.

சேலம் ஸ்டீல் பிளான்ட் இங்கேயே இருக்கிறதே என்று சிலர் நினைப்பதுண்டு. அங்கே வருவது தகடும் காயிலும். இந்த டியூபும் பாரும் வேறு உற்பத்தி, வெளியூரிலிருந்துதான் வரும். வாங்கும்போது ஈஎன் 10204 வகை 3.1 சான்றிதழ் கேளுங்கள். சான்றிதழில் உள்ள ஹீட் நம்பர் (உலோகம் உருக்கிய தொகுதியின் எண்) டியூபின் மேல் அச்சடித்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத காகிதத்தால் பயன் இல்லை. மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், 304-லிருந்து 316-ஐப் பிரிப்பது அதுதான். காந்தம் வைத்துப் பார்ப்பதை நம்ப வேண்டாம். குளிர்வேலை செய்த ஸ்டெயின்லெஸ் லேசாக ஒட்டலாம், அதனால் அது போலி ஆகிவிடாது. ஒட்டாத 304-ம் உண்டு.

இன்னொன்று: கோன் வகைக்கான கடின டியூபை மிச்சம் இருக்கிறதே என்று ஃபெரூல் ஃபிட்டிங்கில் போடாதீர்கள். ஃபெரூல் கடிக்க டியூப் அதை விட மென்மையாக இருக்க வேண்டும், ராக்வெல் பி அளவில் 80-க்குள் இருந்தால் நல்லது. கடின டியூபில் ஃபெரூல் கடிக்காமல் வழுக்கி நிற்கும், நட் மட்டும் இறுகியது போலக் காட்டும்.

பழைய ஃபிட்டர் | பதிவு 9

தம்பி, டூலே வாங்காதீங்க. கோன் சீவி, ரெண்டு பக்கமும் லெஃப்ட் த்ரெட் போட்ட ரெடி நிப்பிளே (சின்ன டியூப் துண்டு) விக்குறாங்க. 3, 4, 6, 8, 10, 12 இன்ச் நீளத்துல கிடைக்கும். பெஞ்சை அந்த நீளத்துக்குத் தகுந்த மாதிரி அடுக்கிக்கிட்டா ஒரு முனைகூட சீவ வேண்டாம். பம்ப்ல இருந்து டீ (மூணு வழி மூட்டு), டீல இருந்து வால்வ், வால்வ்ல இருந்து ஜாக் பக்கம். நேர் நிப்பிளும் எல்போவும் போதும், வளைக்கிற வேலையும் மிச்சம். வளைச்சே ஆகணும்னா வளைவோட ஆரம் டியூப் ஓடியை விட அஞ்சு மடங்குக்குக் குறையக் கூடாது. கால் இன்ச்சுக்கு ஒண்ணேகால் இன்ச்.

டியூப் அறுக்கறதா இருந்தா ரோலர் கட்டர் தொடாதீங்க. அது சுவரை உள்ளாற அமுக்கும், துளை வாய் சுருங்கிடும், அந்த இடமும் கல்லு மாதிரி இறுகிடும். மெல்லிசு பல்லு வச்ச ரம்பம் போடுங்க, முனையைச் சமமா ஃபேஸ் பண்ணுங்க, துளை வாய்ல பிசிறு எடுங்க. அப்புறம் டியூபுக்குள்ள ஆயில் விட்டு அலசணும். ஒரு துணுக்கு தூள் உள்ள நின்னுச்சுன்னா அது போய் உக்காரற இடம் வால்வ் சீட்டுதான்.

மாட்டற முறை சொல்றேன். முதல்ல கிளாண்டை டியூப்ல கோத்துக்கோங்க. இதை மறந்துட்டு காலரைப் போட்டா திரும்பக் கழட்டி மாட்டணும். அப்புறம் காலர், அது இடது பக்கம் சுத்துனாத்தான் ஏறும். கோனுக்கும் காலருக்கும் நடுவுல சுமார் ரெண்டு மரை வெளிய தெரியணும். மரை ஒண்ணும் தெரியலைன்னா காலர் முன்னாடியே முட்டிக்கும், கோன் சீட்ல உக்காராது. கிளாண்ட் மரையிலயும், காலர் பின்னாடி கிளாண்ட் தொடற முகத்துலயும் மாலி பேஸ்ட் தடவுங்க. 316 மேல 316 காஞ்சு போய் திருகுனா மரை ஒண்ணோடொண்ணு ஒட்டிப் பிடிச்சுக்கும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும். கோன் முனையில ஒரு சொட்டு டெஸ்ட் ஆயில் போதும்.

கையால முழுசும் உள்ள போகணும். பாதியில ஸ்பேனர் கேட்டுச்சுன்னா லைன் கோணலா நிக்குதுன்னு அர்த்தம், கிளாம்பைத் தளர்த்தி நேராக்குங்க. கடைசியா டார்க் ரெஞ்ச். மீடியம் பிரஷர் கால் இன்ச்சுக்கு 20 ஃபுட்-பவுண்ட், 27 நியூட்டன் மீட்டர். மூணு நூல் (3/8 இன்ச்) டியூபுக்கு 30 ஃபுட்-பவுண்ட். நீங்க வாங்குற கம்பெனி தாள்ல வேற எண் இருந்தா அதுதான் சரி. உடம்பை இன்னொரு ஸ்பேனர்ல பிடிச்சுக்கோங்க, இல்லைன்னா அந்தப் பக்கத்து மூட்டு அசைஞ்சுடும்.

ஒரு தடவை இறுக்கிக் கழட்டி கோனை வெளிச்சத்துல பாருங்க. முனைக்குக் கிட்ட முடி மாதிரி பளபளன்னு ஒரே வளையம் சுத்தி வந்து சேரணும். வளையம் ஒரு இடத்துல விட்டிருந்தா கீறல், இல்லை கோணல். வளையம் அகலமா பட்டையா இருந்தா ரொம்ப இறுக்கிட்டீங்க. அந்த நிப்பிளை ஓரமா வச்சிடுங்க, சீட்டையும் பாருங்க.

கசியுதுன்னா இன்னும் ஒரு இழு இழுக்கற பழக்கம்தான் நம்ம ஊர்ல பெரிய கெடுதல். டார்க் வச்சு இறுக்கினதுக்கு அப்புறமும் வீப் ஹோல்ல ஆயில் வந்தா இறுக்கறதுல தீராது. அழுத்தத்தை முழுசா இறக்கி, கழட்டி, கோனைப் பாருங்க. மேல மேல இறுக்குனா துளை வாய் சுருங்கும், உடம்புல இருக்கற சீட் பள்ளமாகும். 20 ரூபா பொருள் தப்பிச்சு 2000 ரூபா பொருள் போகும்.

ஏற்காடு மிளகு | பதிவு 10

இழையை வேறு பக்கம் திருப்புவதற்கு மன்னிக்கவும். ஏற்காட்டில் மிளகு, காப்பி எண்ணெய் எடுக்க சூப்பர்கிரிட்டிகல் கார்பன் டை ஆக்சைடு யூனிட் ஒன்று யோசனையில் இருக்கிறது. உச்சம் 350 பார், 60 டிகிரி. எங்களுக்கும் கோன் வகைதான் வேண்டுமா?

இடக்கை மரை | பதிவு 11

வேண்டாம். 350 பாருக்கு கால் இன்ச் 0.049 சுவர் டியூபில் டபுள் ஃபெரூல் தாராளம், அதன் ரேட்டிங் 517 பார். 60 டிகிரி வெப்பத்துக்கு 316-இல் எதையும் குறைக்க வேண்டியதில்லை. 6000 பிஎஸ்ஐ வால்வும் 414 பார் என்பதால் உங்களுக்குப் பொருந்தும். முதல் இறுக்கலில் கை இறுக்கத்துக்குப் பிறகு ஒண்ணேகால் சுற்று, கேப் கேஜ் (நட்டுக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளியை அளப்பது) வைத்துச் சரிபார்ப்பு, ஒரு கம்பெனி நட்டில் வேறு கம்பெனி ஃபெரூல் போடாமை. இவ்வளவுதான் ஃபிட்டிங் கதை.

உங்களுக்கு ஆபத்து வேறு இடத்தில். கார்பன் டை ஆக்சைடு 31.1 டிகிரிக்குக் கீழே அழுத்தத்தில் திரவமாக நிற்கும். ஏற்காட்டுக் குளிரில் இரண்டு வால்வுக்கு நடுவே திரவம் நிறைந்து அடைபட்டுவிட்டு, பிறகு ஹீட்டரோ வெயிலோ பட்டால், விரிவதற்கு இடமின்றி அழுத்தம் எங்கோ ஏறும். அடைபடக்கூடிய ஒவ்வொரு துண்டிலும் ஒரு ரிலீஃப் வால்வ் வேண்டும், விதிவிலக்கே கிடையாது. சாதா நைட்ரைல் ஓ-ரிங் இந்த வாயுவை உறிஞ்சிக்கொண்டு, அழுத்தம் சட்டென இறங்கும்போது கொப்புளித்துக் கிழியும். இந்த வாயு காற்றை விடக் கனமானது. மூடிய ஷெட்டில் தரையோரம் தேங்கும். அங்கே அளக்கும் கருவியும் காற்றோட்டமும் அவசியம்.

மீதியைத் தனி இழையில் தொடரலாம்.

சூரமங்கலம்காரன் | பதிவு 12

ஹோஸ், கப்ளர் பாத்தேன். ஹோஸ்ல 700 பார். 3/8 கப்ளர்லயும் 700 பார், 10,000 பிஎஸ்ஐ. ஜாக் வாய் எல்லாமே 3/8 என்பிடி ஃபீமேல். அப்ப ஜாக் பக்கம் எப்படி இணைக்கறது?

இடக்கை மரை | பதிவு 13

இங்கேதான் 1050 என்ற எண்ணையே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கப்ளரைக் கழற்றிவிட்டு 3/8 என்பிடி வெளிமரையில் இருந்து கோனுக்கு மாறும் அடாப்டர் போடலாம். ஆனால் கோன் ஃபிட்டிங் கம்பெனிகளின் என்பிடி அடாப்டர்களுக்கும் பொதுவாக உச்சம் 15,000 பிஎஸ்ஐ, 1034 பார். பெஞ்ச் முழுக்க 1379 பாருக்குப் போட்டாலும் கடைசி ஒரு மூட்டு 1034-இல் நிற்கும்.

ரிப்பேர் ஆகி வந்த ஜாக்கை எவ்வளவில் டெஸ்ட் செய்யலாம் என்பது ஜாக் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். புது டிசைனைச் சோதிக்கும் அழுத்தத்தை, ஓடித் தேய்ந்த சிலிண்டரில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஏற்றுவது சிலிண்டருக்கும் நல்லதல்ல. கையேடு 125 சதவீதம் அனுமதித்தால் அது 875 பார், ஏறத்தாழ 12,690 பிஎஸ்ஐ. அது 15,000-க்குள் வசதியாக அடங்கும். வாடிக்கையாளரிடம் கையேட்டின் பக்கத்தைக் காட்டி 1.25-க்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கையேடு அதற்கும் குறைவாகச் சொன்னால் அந்தக் குறைவுதான்.

குகை லேத் | பதிவு 14

ஆயில்ல காத்துக் குமிழ் நின்னா அழுத்தம் ஏறும்போது வெடிக்கும்ங்கறாங்களே, அதுக்கு என்ன ஏற்பாடு?

மேட்டூர் லேப் | பதிவு 15

சாதாரண அழுத்தத்தில் மாட்டிக்கொண்ட 100 மில்லி காற்று 875 பாரில் ஒரு துளி அளவுக்குச் சுருங்கிவிடும். அதில் சேரும் ஆற்றல் நூறு, இருநூறு ஜூல் என்ற அளவுதான். உண்மையில் ஆற்றலைத் தேக்குவது ஆயில். திரவம் சுருங்காது என்பது பள்ளிப் பாடம். இந்த அழுத்தத்தில் தண்ணீரே 4 சதவீதம் அளவுக்குச் சுருங்கும், ஆயில் இன்னும் கொஞ்சம் கூட. 1 லிட்டர் அடங்கிய சிலிண்டரில் ஆயிரக்கணக்கான ஜூல் தேங்கி நிற்கிறது. காற்றே இல்லாவிட்டாலும் மூட்டு விட்டால் அது பாயும்.

காற்றால் வரும் தொல்லை இரண்டு. வேகமாக ஏற்றினால் குமிழ் சூடேறி ஆயிலைக் கருக்கும், சீலை எரிக்கும். பிறகு, அந்தச் சூடு தணியும்போது கேஜ் இறங்குவதால் கசிவே இல்லாத ஜாக் கசிவது போலக் காட்டும். ஆகவே ஜாக் வாயை மேலே பார்க்க வைத்து, மெதுவாக நிரப்பி, காற்றை விட்டு, 25, 50, 75, 100 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் நின்று பாருங்கள். அழுத்தம் நிற்கும்போது யாரும் ஸ்பேனர் எடுக்கக் கூடாது.

காற்றுக்குப் பதில் பயப்பட வேண்டியது ஊசித்துளைக் கசிவுக்கு. தோலைத் துளைக்க 7 பார் போதும் என்பார்கள், நீங்கள் பேசுவது அதைப் போல நூறு மடங்கு. கையை வைத்துத் தடவிக் கசிவு தேடவே கூடாது. ஆயில் உள்ளே போன காயம் வெளியே ஒரு சின்னப் புள்ளியாக இருக்கும், முதலில் வலியும் குறைவு. உள்ளே தசை அழுகிக்கொண்டிருக்கும். உடனே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல அறுவைச் சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குப் போய், "ஹை பிரஷர் ஆயில் உள்ளே பாய்ந்திருக்கிறது" என்று அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த ஆயில் என்ற தாளையும் கூட எடுத்துப் போங்கள். கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் விரலோ கையோ போகும்.

சூரமங்கலம்காரன் | பதிவு 16

கையேட்டுல 125 சதவீதம் இருக்குங்க, வாடிக்கையாளரும் 875-க்கு ஒத்துக்கிட்டாங்க. புது லிஸ்ட்:

பம்ப் அதே 1:200. மீடியம் பிரஷர் கால் இன்ச் ரெடி நிப்பிள், டீ, எல்போ, எல்லாம் ஒரே கம்பெனி. ரெண்டு 20,000 பிஎஸ்ஐ நீடில் வால்வ், ஒண்ணு லைன் அடைக்க, ஒண்ணு டாங்குக்கு இறக்க. 1600 பார் கேஜ், 9/16-18 கோன் வாய், அதுக்கு அடாப்டர். ஜாக் பக்கம் 3/8 என்பிடி அடாப்டர், ஹோஸ் கிடையாது, ஜாக்கையே தள்ளுவண்டியில வச்சு நிப்பிள் கிட்ட கொண்டு வரப் போறோம். ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மீறினா தானே கிழிஞ்சு வெளிய விடற தகடு) 1200 பார், லைன் வால்வுக்கும் ஜாக்குக்கும் நடுவுல. சுத்தி எம்எஸ் (சாதா இரும்பு) தகடு, பாக்க பாலிகார்பனேட் ஜன்னல்.

பழைய ஃபிட்டர் | பதிவு 17

தள்ளுவண்டி யோசனை நல்லா இருக்கு. வண்டி சக்கரத்துக்கு லாக் போடுங்க, உயரம் ஏத்தி இறக்க ஸ்க்ரூ வைங்க. நிப்பிளை இழுத்து வளைச்சு ஜாக் வாய்க்குக் கொண்டு வரக் கூடாது, ஜாக்தான் நிப்பிள் கிட்ட வரணும். என்பிடில டேப் சுத்தும்போது முதல் மரையை விட்டுட்டுச் சுத்துங்க, டேப் துணுக்கு உள்ள போச்சுன்னா வால்வ் சீட் காலி. ஜாக் ஒவ்வொண்ணுக்கும் அந்த அடாப்டரை மாட்டிக் கழட்டறீங்க, மரை தேயும். அதைக் கையிருப்புல நாலஞ்சு வச்சுக்கிட்டு, மரை மழுங்கினதும் தூக்கிப் போடுங்க.

இடக்கை மரை | பதிவு 18

ஒன்றே ஒன்று மாற்ற வேண்டும், ரப்சர் டிஸ்க். 1200 பார் டிஸ்க் உங்கள் நிப்பிளைக் காக்கும், 1034 பார் அடாப்டரைக் காக்காது. டிஸ்க் வெடிக்கும் அளவு, அதன் ஏற்றத்தாழ்வையும் சேர்த்து, லைனின் மிகக் குறைந்த ரேட்டிங்குக்குக் கீழே இருக்க வேண்டும். 5 சதவீத ஏற்றத்தாழ்வு உள்ள டிஸ்க் என்றால் 980 பார் சொல்லுங்கள், மேல் எல்லை 1029. டெஸ்ட் அழுத்தமான 875 அதற்கு மிக அருகில் வருவதால் டிஸ்க் சீக்கிரம் களைக்கும். ஏற்றி இறக்கிய எண்ணிக்கையை ஒரு நோட்டில் குறித்து, தயாரிப்பாளர் சொல்லும் கணக்கில் மாற்றிவிடுங்கள். டிஸ்கின் வெளியேற்றக் குழாய் கீழ்நோக்கி டாங்குக்குப் போகட்டும்.

டிஸ்குக்கு வேலை வராமல் பார்த்துக்கொள்ள மலிவான வழி காற்றுப் பக்கம் இருக்கிறது. 1:200 பம்ப் 4.4 பார் காற்றில் பெயரளவுக்கு 880 பாரில் நின்றுவிடும், உரசலால் நிஜத்தில் சற்றுக் குறையும். ரெகுலேட்டருக்குப் பிறகு 4.7 பாரில் திறக்கும் சின்ன ரிலீஃப் வால்வ் ஒன்று வைத்து, அதற்கு சீல் வைத்துவிடுங்கள். ரெகுலேட்டரை யாராவது முழுக்கத் திருகினாலும் பம்ப் 940-ஐத் தாண்டாது. அந்த ரிலீஃப் வால்வ் பம்பின் முழுக் காற்று ஓட்டத்தையும் வெளியேற்றும் அளவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.